லே, லோ, லீஜியே

டீயை நீட்டி "எடுத்துக்கோ, குடி" என்று சொன்னதற்காக ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தார்கள். போர்ட் பிளேயரில், 1965 பிப்ரவரியில், நான் டைப்பிஸ்டாக இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் இது நடந்தது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அந்தப் பெண்ணின் பெயர் சூசைமேரி.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் அவருக்கு. கணவர் அடைக்கலசாமி வள்ளத்தில் போய் மீன் பிடிப்பவர். 1956இல் மெட்ராஸ் கப்பலில் வந்து இறங்கி, துறைமுகத்துக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் தகரம் வேய்ந்த ஒரு வீட்டில் குடியேறினார்கள். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் மாதக்கணக்கில் வள்ளம் கரையிலேயே கிடக்கும். அந்த மாதங்களுக்காக, மறு வருஷமே எங்கள் அலுவலகத்தில் தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்தார் சூசைமேரி. பெருக்குவது, தண்ணீர் நிரப்புவது, டீ போடுவது. காலை முதல் ஃபெர்ரியில் சாத்தம் தீவில் வந்து இறங்கி, அங்கிருந்த மரமில்லில் கழித்துப் போட்ட துண்டுகளைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மேடேறி வருவார். அடுப்புக்கு அதுதான் விறகு. ஆபீஸில் இருந்த நாற்பத்தோரு பேரில் யாருக்குச் சர்க்கரை வேண்டும், யாருக்கு வேண்டாம், யாருக்கு டிகாஷன் தூக்கலான கடுப்பம் என்று ஒருமுறைகூடத் தவறியதில்லை.

தீவுக்கு வரும்போது அவருக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. எங்களிடம்தான் கற்றுக்கொண்டார். எப்படி என்று யோசித்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. காலையில் உள்ளே நுழைந்ததும் "ஏ, ஆ" என்போம். வா என்று அர்த்தம். "பானி தே", தண்ணி குடு. "யே லே", இந்தா பிடி. "ஸாஃப் கர்", சுத்தம் பண்ணு. சாயங்காலம் "ஜா". எட்டு வருஷம் இதுதான் அவர் காதில் விழுந்த பாடம்.

கடைத்தெருவில் வேறு மாதிரியும் அவர் கேட்டிருந்தார். அபர்தீன் பஜாரில் வெங்காயம் விற்கிறவன் "லோ அம்மா", "பைசா தோ" என்பான். அவன் கடைக்காரன், பேச்சுக் கொச்சையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஆபீஸில் படித்தவர்கள் பேசும் "லே", "தே" அல்லவா சுத்தமான இந்தி! அதிகாரிகள் தங்களுக்குள் பேசியது இங்கிலீஷ். அவர்கள் ஒருவரை ஒருவர் இந்தியில் எப்படி அழைப்பார்கள் என்று கேட்க அவருக்கு வாய்ப்பே இல்லை.

அவரை மிக அதிகம் ஏவியவர் சூப்பரின்டெண்டென்ட் இராமகிருஷ்ணன். கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், என்னைப் போலவே தமிழர். ஆனாலும் சூசைமேரியிடம் ஒருநாளும் தமிழில் பேசியதில்லை. தமிழில் பேசினால் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்க வேண்டி வரும். இந்தியில் "தே", "லே" என்றால் முடிந்தது. நான் மட்டும் என்ன ஒழுங்கு? தமிழில்தான் பேசினேன், "ஏ சூசை, டீ கொண்டா" என்று. அவருக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. எனக்கு இருபத்தாறு.

அந்த பிப்ரவரியில் டில்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்தார். கல்கத்தாக் கப்பலில் நாலு நாள் குமட்டிக்கொண்டே வந்த மனிதர். முகம் வெளுத்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் ஹாலுக்குள் நுழைந்தார். இராமகிருஷ்ணன் முன்னே ஓடினார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். சூசைமேரி பீங்கான் கோப்பையில் டீயோடு வந்தார். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும், வீட்டுக்குக் களைத்து வந்த விருந்தாளியைப் பார்த்த மாதிரி அவருக்கு மனசு இளகிவிட்டது. நாற்காலியைத் தன் முந்தானையாலேயே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மிகுந்த பரிவோடு சொன்னார்:

"ஆ, பைட். யே லே. பீ. கரம் ஹை."

வா, உட்காரு. இந்தா பிடி. குடி. சூடா இருக்கு.

அதிகாரி ஒரு விநாடி புருவத்தைத் தூக்கினார். பிறகு உட்கார்ந்தார், கோப்பையை வாங்கினார், குடித்தார். இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். மூன்று நாள் இருந்துவிட்டுக் கப்பல் ஏறினார். இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொன்னவர் இராமகிருஷ்ணன். அது எந்த மாதம் என்று நினைவிருக்க வேண்டும். மெயின்லாந்தில் மெட்ராஸ் மாகாணம் முழுக்க இந்தி எதிர்ப்பில் பற்றி எரிந்துகொண்டிருந்த நேரம். டில்லி அதிகாரியை ஒரு தமிழச்சி 'டா' போட்டது மாதிரி பேசிவிட்டாள். வேண்டுமென்றே, அரசியல் நோக்கத்தோடு செய்திருக்கிறாள். விட்டால் நாளை என் தலை உருளும். இப்படிப் போனது அவர் கணக்கு. கப்பல் புறப்பட்ட மறுநாளே மெமோ தயாரானது. அதை டைப் அடித்தவை என் விரல்கள். மேலதிகாரியை மரியாதையற்ற முறையில் ஏவியது, தேசிய மொழியை அவமதிக்கும் உள்நோக்கம், விளக்கம் தரும்வரை வேலைக்கு வரக் கூடாது.

சூசைமேரி அதை வாங்கிக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"கிளார்க் சார், இதுல என்ன போட்டிருக்கு?"

வாசித்துத் தமிழில் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

"ஏவினேனா? நானா? டில்லிக்காரரையா?" முதலில் சிரிப்புத்தான் வந்தது அவருக்கு. "டீ குடின்னு சொன்னது ஏவுறதா? அந்த மனுசன் குடிச்சாரே! இன்னொண்ணும் கேட்டாரே!"

"குடின்னு சொன்ன விதம் தப்புன்னு சொல்றாங்க."

"வேற எப்படிச் சொல்லணும்?"

சொன்னேன். இந்தியில் ஒருவரை ஒன்றைச் செய்யச் சொல்வதற்கு மூன்று படி உண்டு. அடிப்படி 'லே'. நடுப்படி 'லோ'. மரியாதைப் படி 'லீஜியே'. அவர் சொன்னது அடிப்படி; நாயையும், சின்னப் பிள்ளைகளையும், மிக நெருங்கினவர்களையும் சொல்வது.

கேட்டுக்கொண்டே நின்றார். சிரிப்புப் போய்விட்டது. மெள்ள ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒவ்வொரு மேஜையாக. நாற்பத்தோரு பேரில் அன்று முப்பது பேராவது இருந்திருப்போம். ஒருவரும் நிமிரவில்லை.

"நாயைச் சொல்லுறதா?" என்றார். "எட்டு வருசமா எனக்குச் சொன்னதத்தான நான் திருப்பிச் சொன்னேன். நீங்க ஒருத்தராவது அந்த மூணாம் படியில ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கிட்டப் பேசியிருந்தா அது எங்காதுல விழுந்திருக்காதா?"



ஒரு வாரத்துக்குள் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டார். "மன்னிப்புன்னு ஒரு எழுத்து இருக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச இந்தி அவுக சொல்லிக் குடுத்த இந்தின்னு எழுதுங்க. அது போதும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். அன்று இரவு வீட்டில் உட்கார்ந்தபோது பயம் வந்துவிட்டது. என்னை வேலையில் நிரந்தரமாக்கும் கன்ஃபர்மேஷன் ஃபைல் இராமகிருஷ்ணனின் மேஜையில் கிடந்தது. நான் இங்கிலீஷில் எழுதியது இப்படி: அறியாமையால் நேர்ந்த பிழைக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறேன்; மேன்மை தங்கிய சூப்பரின்டெண்டென்ட் அவர்கள் மன்னித்தருள வேண்டும். மறுநாள் ஃபெர்ரி ஜெட்டியில் வைத்து அவரிடம் கொடுத்தேன்.

"இதுல மன்னிப்பு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

நல்லவேளை, அவர் என்னை நம்பவில்லை. பாம்பூஃப்ளாட்டில் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ரோசலின் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியை இருந்தார். இங்கிலீஷும் இந்தியும் தெரிந்தவர். காகிதத்தை அவரிடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் காலை முதல் ஃபெர்ரியில் சூசைமேரி வந்து இறங்கினார். வேலை இல்லாதவர், டிக்கெட் எடுத்து வந்தார். சாத்தம் ஜெட்டியில் அத்தனை பேர் முன்னால் அந்தக் காகிதத்தை என் நெஞ்சில் அழுத்தி வைத்தார்.

"தம்பி, அவுக எனக்கு வேலை இல்லேன்னாவ. நேருக்கு நேரா சொன்னாவ. நீங்க என் வாயில பொய்யை வச்சுத் தச்சிட்டிய. அவுகளும் நீங்களும் ஒண்ணா? நீங்க அவுகளை விட மோசம்."

என்னை யாரும் அதற்கு முன்போ பின்போ அப்படிச் சொன்னதில்லை. அது உண்மையாகவும் இருந்ததால் நான் ஃபெர்ரிக் கூட்டத்தில் தலை குனிந்து நின்றேன். அங்கேயே, டிக்கெட் கவுன்டர் பலகையில் வைத்து, அவர் சொல்லச் சொல்ல வேறொன்று எழுதினேன். நாலே வரி. கடைசி வரி: "எனக்கு இந்தி கற்பித்தவர்கள் இந்த அலுவலகத்தார். பாடம் தவறென்றால் முதலில் அவர்களைக் கேட்க வேண்டும்." கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார். இராமகிருஷ்ணன் அதைப் படித்துவிட்டு, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். நான் என்றேன். என் கன்ஃபர்மேஷன் ஒன்றரை வருஷம் தள்ளிப்போனது. சூசைமேரிக்கு நடந்ததைப் பார்க்க அது ஒன்றுமே இல்லை.

விசாரணை ஜூனில்தான் வந்தது. அதுவரை நாலு மாதம் அவர் வீட்டில் இருந்து கருவாடு போட்டார். அடைக்கலசாமி, "ஒரு மன்னிப்புதான, எழுதிக் குடுத்துட்டுப் போயேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுக்கச் சோறு கேட்கவே பயந்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார்.

அந்த நாலு மாதத்தில் ரோசலினிடம் உட்கார்ந்து மூன்று படிகளையும் கற்றார் சூசைமேரி. மீனை வகிர்ந்து உப்புத் தடவிக்கொண்டே பாடம் நடக்கும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்று கேட்டேன்.

"பெரும்பாலும் சுலபம்தான், அக்கா" என்றார் ரோசலின். "நம்ம 'ங்க' மாதிரி ஒரு வாலை ஒட்டினாப் போதும். 'பைட்'னா 'பைட்டியே'. 'சுன்'னா 'சுனியே'. 'ஆ'ன்னா 'ஆயியே'. ஆனா நாலு வார்த்தை மட்டும் வாலுக்கு அடங்காது. அடியே மாறிப்போகும். 'கர்' போய் 'கீஜியே'. 'தே' போய் 'தீஜியே'. 'லே' போய் 'லீஜியே'. 'பீ' இருக்கே, அது 'பீஜியே'. நடுவுல ஒரு 'ஜி' வந்து உட்கார்ந்துக்கும்."

சூசைமேரி கத்தியைக் கீழே வைத்தார். "செய், குடு, எடு, குடி. இந்த நாலா?"

"இந்த நாலுதான்."

"எனக்கு நாள் பூரா வேலை இந்த நாலுலதான டீச்சர்! அப்ப எனக்கு வாலு ஒட்டத் தெரிஞ்சிருந்தாலும், 'லேயியே, பீயியே'ன்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்கும் ஒரு மெமோ வந்திருக்கும்."

"நம்ம தமிழ்லயும் 'வா' மாறி 'வந்தான்' ஆகுதே."

"அது நடந்து முடிஞ்சதைச் சொல்லும்போது. ஏவும்போது வா வாதான், வாங்க வாங்கதான். யாருகிட்டயும் கேக்காம ஒரு பச்சைப்பிள்ளை சொல்லிரும். இது அப்படியா? ஒருத்தர் நம்மகிட்டச் சொன்னாத்தான் தெரியும். சொல்லாம இருந்தவன் மேல தப்பில்ல, கேக்காம போனவ மேல தப்பு. நல்ல நியாயம்." மீனை எடுத்து ஒரே இழுப்பில் வயிற்றைக் கிழித்தார். "கீஜியே. தீஜியே. லீஜியே. பீஜியே." ஒவ்வொன்றுக்கும் ஒரு மீன் போனது.

விசாரணை அதிகாரி செக்ரட்டேரியட்டிலிருந்து வந்தார். வங்காளி, நரைத்த தலை, பொறுமையான மனிதர். மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்திருந்தார்கள். இராமகிருஷ்ணன் எதிரே இருந்தார். அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். டில்லிக்காரரின் ஆய்வுக் குறிப்பில் புகார் ஏதும் இல்லை என்பதை அவரே கவனித்து, "அவமானப்பட்டவர் புகார் செய்யவில்லையே?" என்று கேட்டார். அலுவலகத்தின் கண்ணியத்தைக் காப்பது தன் கடமை என்றார் இராமகிருஷ்ணன். அதிகாரி அடுத்த கேள்வி கேட்டார்: "நீங்கள் இந்தப் பெண்ணை எப்படி அழைப்பீர்கள்?"

"எல்லோரும் மஸ்தூர்களை அழைப்பதுபோலத்தான்."

"எந்த வார்த்தையில்?"

இராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிகாரி சூசைமேரியின் பக்கம் திரும்பி, சாதாரணமாக, "போல்" என்றார். பேசு என்று.

சூசைமேரி பேசவில்லை. அதிகாரி மறுபடி, "போல், போல்" என்றார். அப்போது சூசைமேரி என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை குறைக்காம. ஐயா, நீங்களும் இப்ப 'போல்'னுதான் சொன்னிய. உங்க மேல எனக்குக் கோவமில்ல, உங்களுக்கும் அதுதான் பழக்கம். ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். நான் உங்களை 'போல்'னா அது அவமரியாதை. நீங்க என்னைய 'போல்'னா அது ஆபீஸ் வேலை. வார்த்தை ஒண்ணுதான? அப்ப குத்தம் வார்த்தையிலயா, சொன்ன ஆளுலயா? ஆளுலன்னா அதை மெமோவுல எழுதுங்க. இவ மஸ்தூர், இவ மரியாதை கேக்கக் கூடாது, குடுக்க மட்டும் தெரியணும்னு எழுதுங்க. அதை வாங்கிட்டு நான் போயிருதேன்."

ஒரு வார்த்தை குறைக்காமல் இந்தியில் சொன்னேன். என் சூப்பரின்டெண்டென்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெட்டியில் வாங்கிய அடிக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அதிகாரி பேனாவை மூடினார். திறந்தார். பிறகு, "போலியே" என்றார்.

சூசைமேரி அதற்குப் பிறகுதான் பேசினார். இந்தியில் பேசினார். நடந்ததை நடந்தபடி சொல்லி, ஒவ்வொரு முறையும் அதிகாரியை 'சுனியே', 'தேக்கியே', அதாவது கேளுங்க, பாருங்க என்று சரியான படியில் நிறுத்திப் பேசி முடித்தார். 'லீஜியே', 'பீஜியே' இரண்டும் தனக்கு இப்போது தெரியும் என்றும், தெரிந்துகொள்ள நாலு மாதமும் நூற்றுக்கணக்கான மீனும் ஆனது என்றும் சொன்னார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூசைமேரிக்கு வரவில்லை.

குற்றம் நிரூபணமாகவில்லை என்று உத்தரவு வந்தது. ஜூலையில் வேலைக்குத் திரும்பினார். நியாயம் கிடைத்ததென்று நாங்கள் சிலர் சந்தோஷப்பட்டோம். நிரூபணமாகவில்லை என்பதற்கும் குற்றமே இல்லை என்பதற்கும் உள்ள தூரம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் வெளியில் இருந்த ஏப்ரல் மாதத்தில் மஸ்தூர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் ஒன்று போட்டு மூடியிருந்தார்கள். அவருக்குப் பிறகு சேர்ந்த ஆறு பேர் அதில் இருந்தார்கள். எட்டு வருஷ வேலைக்காரியான அவர் இல்லை, அந்தத் தேதியில் பணியில் இல்லை என்பதால். பணியில் இல்லாமல் வைத்தது யார் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. நான் மூன்று மனு எழுதினேன், இந்த முறை சொன்னது சொன்னபடி. மூன்றும் திரும்பி வந்தன. அடுத்த பட்டியல் 1973இல் வந்தது. அதில்தான் நிரந்தரமானார். சர்வீஸ் அன்றிலிருந்து கணக்கு. முந்தைய பதினாறு வருஷம் அவர் அந்த மேட்டில் ஏறவே இல்லை என்பது மாதிரி.

ஆனால் திரும்பி வந்த நாளிலிருந்து ஒரு காரியம் செய்தார். கொண்டா என்பதற்கு 'லா' என்றால் அவருக்குக் காது கேட்காது. 'லாவோ' என்றால் கேட்கும், கொஞ்சம் தாமதமாக. 'லாயியே' என்றால் டீ உடனே வரும். முதல் வாரம் பாதி ஆபீஸ் டீ இல்லாமல் தலைவலியோடு உட்கார்ந்திருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒவ்வொருவராகப் படியேறினார்கள், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு. இராமகிருஷ்ணன் மட்டும் ஏறவில்லை. 1968இல் மெயின்லாந்துக்கு மாற்றலாகிப் போகும்வரை வீட்டிலிருந்து ஃப்ளாஸ்கில் டீ கொண்டுவந்தார்.

ராஞ்சியிலிருந்து புதிதாக வரும் கூலிப் பெண்களுக்குச் சூசைமேரி முதலில் சொல்லிக் கொடுத்தது அந்த நாலு வார்த்தைகளை. அவர்கள் இந்தி பேசும் சீமைக்குப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களிடமும் யாரும் 'கீஜியே' என்று சொன்னதில்லையாம்.

நானும் மாறினேன். "சூசைமேரியக்கா, ஒரு டீ குடுங்க" என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போவார். மாதங்கள் போயின. அவர் கவனித்தாரா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. ஒருநாள் கோப்பையை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதுக்கு நான் சந்தோசப்படணும்னு நிக்கியளா, தம்பி?" என்றார். "இது முதல் நாளே குடுத்திருக்க வேண்டியது. குடிங்க, ஆறிரும்."